பெரிய வியாழன் வண்டி

முதலில் தொப்பியை வீசினார்கள். அப்புறம் தொப்பிக்காரனை.

பனியில் உருண்டு எழுந்த அந்த மனிதன், "ஐயா, நான் பல் டாக்டருய்யா!" என்று கத்திக்கொண்டே ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தான். மூச்சு வாங்கி நின்றுவிட்டான்.

"பல் டாக்டராம்! தலையில மட்டும் வெளிநாட்டுத் தொப்பி!" தலையில் கட்டுப் போட்டிருந்த சிப்பாய் புரோகோர் கதவை அறைந்து சாத்தினான். "நாங்க சண்டை போட்டப்போ சொகுசா வெளிநாட்டுல உட்கார்ந்திருந்தானுங்க. ஜார் இறங்கினதும் புரட்சிக்காரன்னு சொல்லிக்கிட்டு வர்றானுங்க, வரவேற்புப் பேண்டு வாத்தியம் கேக்க!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஸாவாவும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அடுத்தது அவன்தான்.

பதினொரு வருடம் ஜெனீவாவில் தலைமறைவாகக் கிடந்த புரட்சிக்காரன் அவன். இப்போது மரக்கடைக் குமாஸ்தா என்று பொய் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறான். பெத்ரோகிராத் நிலையத்தில் மகள் லீதா காத்திருப்பாள், தொட்டிலில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. அவளை ஒரு தடவை கண்ணால் பார்க்கும்வரை உயிர் தங்கினால் போதும் என்றிருந்தது. முகம் தெரியாத ஒருவனுக்காக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பெட்டியின் நடுவே இரும்பு அடுப்பு எரிந்தது. அதன் மேல் கட்டியிருந்த கயிற்றில் சிப்பாய்கள் காலுறைக்குப் பதிலாகப் பாதத்தில் சுற்றிக்கொள்ளும் துணிகள் வரிசையாகக் காய்ந்து நாறின. புரோகோரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு பாதங்களை அடுப்புக்கு நேராக நீட்டினான்.

"மலைமேல சேத்துல கிடந்தேன்யா, எலியோட எலியா," என்று மறுபடி ஆரம்பித்தான். "அந்தப் பயலுங்க அப்போ எங்கே இருந்தானுங்க? காப்பிக் கடையில!"

"அப்படிச் சொல்லு!" என்றாள் எதிர் பெஞ்சிலிருந்த பெலகேயா. புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். மடியிலிருந்த கூடை நிறையச் சிவப்புச் சாயம் ஏற்றிய ஈஸ்டர் முட்டைகள். அவள் ஸாவாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்கேர்ந்து வர்றே?"

"எல்லைக்குப் போய் மரம் இறக்கிட்டு வர்றேன், அக்கா."

"கை வழவழன்னு இருக்கு?"

"கணக்கு எழுதுற கை அக்கா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸாவாவுக்கு மூச்சு வந்தது, கூடவே பசியும் வந்தது. பையிலிருந்து ரொட்டியையும் ஒரு துண்டுப் பன்றிக்கறியையும் எடுத்துக் கடித்தான்.

பெட்டியிலிருந்த எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"என்னய்யா தின்னுறே?" என்றாள் பெலகேயா. "பெரிய வியாழக்கிழமை! ஈஸ்டர் வரைக்கும் ஊரே நோன்பு இருக்கு. உனக்குக் கறி கேக்குதா?"

"நோன்பா?" வாயில் கறியோடு ஸாவா விழித்தான். "அதான் போன ஞாயித்துக்கிழமையே ஈஸ்டர் முடிஞ்சிடுச்சே, அக்கா!"

பெலகேயா கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எந்த ஊருல?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது வரும் வழியில், ஸ்வீடனில். ரஷ்யத் திருச்சபையின் நாள்கணக்கு வேறு; இங்கே ஈஸ்டர் வரப்போகிற ஞாயிறுதான். பதினொரு வருடத்தில் சொந்த ஊர்ப் பண்டிகையே மறந்துபோயிருந்தது.

"வெளிநாட்டான்!" என்று கத்தினாள் அவள். "என் வீட்டுக்காரரை மண்ணுல போட்டுட்டு இவன் கறி தின்னுறான்! தூக்கி வெளியே போடுங்கடா!"

நாலைந்து பேர் எழுந்தார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு புரோகோர் பாய்ந்து வந்து ஸாவாவின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான்.

"யாரும் தொடாதீங்க! என் தம்பி செத்ததுக்கு இவன் பதில் சொல்லட்டும். இவன் எனக்கு!"

பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு கையால் ஸாவாவையும் மறு கையால் அவன் துணிப்பெட்டியையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு பெட்டிக்கோடியில் இருந்த நடைக்குப் போனான். உள்கதவு பின்னால் அறைந்து மூடியது. வெளிக்கதவைத் திறந்ததும் பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா," என்றான் ஸாவா. "நான் போய்ச் சேரலைன்னா அவளுக்கு யாரும் இல்லை."

புரோகோர் ஸாவாவின் துணிப்பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தான். லீதாவுக்கு வாங்கிய பொம்மையோடு அது தடாலென்று விழுந்து பனியில் உருண்டது. சத்தம் கேட்டு உள்ளே எல்லோரும், "ஒழிஞ்சான்!" என்று ஆரவாரித்தார்கள்.

ஸாவா கண்களை இறுக மூடிக்கொண்டான். அடுத்தது அவன்தான்.

"அந்தத் தொப்பிக்காரன் உங்க ஆளா?" என்று புரோகோர் காதோரமாகக் கேட்டான்.

"இல்லை. சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. பாவம், நிஜமாவே பல் டாக்டராத்தான் இருந்திருப்பான்."

ஸாவா கண்ணைத் திறந்தான். புரோகோர் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, கம்பளிக் காலுறைக்கு மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் பாரிஸ்லேர்ந்து வர்றேன், தோழரே. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, அடுத்த பெட்டியில வெளிநாட்டானுங்களைத் திட்டி நீங்க கத்துங்க."