கதையில் இல்லாத இருமல்

"தலைவலி மாத்திரை கேட்டா எடுத்துக் குடும்மா. எதுக்கு இத்தனை கேள்வி?" அந்த அம்மாள் எரிந்து விழுந்தார். நடுவில் இருமல் வேறு.

கவுன்டரில் நின்ற பார்மசி மாணவி அசரவில்லை. "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

அந்த அம்மாள் மாத்திரையின் பெயரைச் சொன்னார்.

"சளியே இல்லாத வறட்டு இருமல்தானே? அந்த மாத்திரையாலயே வரலாம். நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்குங்க."

அந்த அம்மாள் துள்ளிக் குதித்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஆராய்ச்சிக் குழுவினர் ஓடி வந்தார்கள்.

"புரொபசர், நோயாளியா பிரமாதமா நடிச்சீங்க! ஆனா, மாணவர்களைச் சோதிக்க நாம எழுதின கதையில தலைவலி மட்டும்தானே? இருமலை எதுக்குச் சேர்த்தீங்க?"

"நடிப்பா? நிஜ இருமல்யா! மாசக்கணக்கா இருமல் மருந்தா குடிச்சுத் தள்ளறேன்!" புரொபசர் மாணவியைக் கட்டி அணைத்துக்கொண்டார். "இவ படிக்கிற புத்தகத்துல பக்கவிளைவுப் பாடத்தை எழுதினதே நான்தான்!"