முறுக்கு பேசாத வேட்டை

கொம்பன் நொண்டத் தொடங்கியது.

அவன் கட்டைவிரல் தானாக நின்றது.

அது நொண்டி அவன் பார்த்ததில்லை. இரண்டு பேராக ஆடிய நாளிலும் இல்லை, தனியாக ஆடும் இந்த மாதங்களிலும் இல்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு மலைமேல் ஏறியது. வாயில் நுரை. அது வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவன் கையிலிருந்த விளையாட்டுக் கருவி அதிர்ந்தது.

இந்த விளையாட்டில் மிருகத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்ட மாட்டார்கள். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நொண்டினால் முடியப்போகிறது. தன் இடத்துக்குப் போய்ப் படுக்கும். தூங்கும்.

அவன் மனைவி தாரணிக்கு அது பிடிக்கும்.

மற்ற மிருகங்கள் நொண்டும்போது, “பாவமுங்க, அதுக்கும் நோவுமில்ல” என்பாள். சொல்லிக்கொண்டே வெட்டுவாள்.

அவனுக்கு மருந்துதான் தகராறு. வேட்டைக்காரன் குடுவையை எடுப்பான். மூடியைத் திறப்பான். அண்ணாந்து குடிப்பான். வாயைத் துடைத்துக்கொள்வான். பாதியில் நிறுத்த முடியாது. அதற்குள் கொம்பன் வந்து முட்டிவிடும். பாறை ஓரமாக ஒதுங்கினால் திரை முழுக்க அதன் வயிற்று மயிர்தான் தெரியும். எங்கிருந்து அடி விழுகிறது என்றே தெரியாமல் சாவான்.

பக்கத்துத் தலையணையில் அவள் சிரிப்பாள்.

வேட்டைக்காரனோடு ஒரு நரிக்குட்டி ஓடிவரும். வால் சுருண்டிருந்ததால் அவள் அதற்கு முறுக்கு என்று பெயர் வைத்தாள். எந்தச் சமயத்தில் அது என்ன சொல்ல வேண்டும் என்று ஆடுகிறவர்களே எழுதிவைக்கலாம். எழுதியது அதன் தலைக்கு மேல் ஒரு குமிழில் வரும்.

எல்லாவற்றையும் அவள்தான் எழுதினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவன் கருவியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசி செருகாத கையால்.

உயிர் குறைந்தால்: ஏனுங்க, மருந்தக் குடிங்க!

செத்தால்: மறுக்காவுமா?

“கொம்பனச் செயிச்சீங்கன்னா ஒண்ணு சொல்லும்” என்றாள். “அதுக்கு முன்னால தொறந்து பாத்தீங்க, அவ்வளவுதான்.”

அவன் திறந்து பார்க்கவில்லை.

அவள் சொல்லி அவன் இன்னும் கேட்காமல் இருப்பது அந்த ஒரு வரிதான்.

அதற்காகத்தான் ஆடினான். வேலைக்குப் போய்வந்தான், ஆடினான். பிறகு வேலைக்குப் போகாமல் ஆடினான். கொம்பன் தோளைத் தாழ்த்தினால் பாயும் என்று தெரிந்தது. மூச்சை இழுத்தால் வாலைச் சுழற்றும். எப்போது மருந்து குடிக்கக் கூடாது என்றும் தெரிந்தது.

இப்போதெல்லாம் அடி படுவது குறைந்துவிட்டது. இந்த முறை ஒன்றுகூடப் படவில்லை.

அடிபடாவிட்டால் முறுக்கு பேசாது.

இன்றைக்கு அது ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தது.

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தோளில் பையை மாட்டியிருந்தாள்.

“கண்ணு, சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். ஆறறதுக்குள்ள உண்ணு. அந்தக் கெரகம் எங்கீம் ஓடிராது.”

அவன் தலையாட்டினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் மலைமேல் ஏறினான்.

கொம்பன் தூங்கிக்கொண்டிருந்தது.

முன்கால்களின் மேல் தலையைச் சாய்த்திருந்தது. ஒரு கொம்பு பாதி உடைந்திருந்தது. உடைத்தது அவன்தான். விலா ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது. அவன் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருந்தான். இப்படிக் காத்திருந்து அவனுக்குப் பழக்கம் உண்டு.

ஏறியது.

வாளை உருவினான். ஒரே வெட்டு. இதற்குமேல் அது தாங்காது.

வெட்டினால் அந்த வரி வரும்.

அதன் பிறகு வருவதற்கு ஒன்றுமில்லை.

முறுக்கு அவன் காலடியில் வந்து உட்கார்ந்தது. காதைச் சொறிந்துகொண்டது. அவனை அண்ணாந்து பார்த்தது.

அவன் வாளை உறையில் போட்டான்.

நின்றான். திரையில் பனி பெய்தது. மேல் மூலையில் வேட்டைக்கான நேரம் சிவப்பாக மாறிக் குறைந்துகொண்டே வந்தது. கொம்பனின் விலா ஏறி இறங்கியது. அவன் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.

நேரம் முடிந்தது. வேட்டை தோல்வி என்று வந்தது.

முறுக்கு எழுந்தது. உடம்பிலிருந்த பனியை உதறியது.

தலைக்கு மேல் ஒரு குமிழ் வந்தது.

நேரம் போனதே தெரியலீங்களா? எந்திரிச்சுப் போய்ச் சோறு உண்ணுங்க.

மறுபடி படித்தான்.

இந்த வரியை அவன் பார்த்ததில்லை. இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. நேரம் முடியும்வரை அவர்கள் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை.

குமிழ் மெல்ல மறைந்தது.

அவன் எழுந்தான். கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். பாத்திரத்தைத் திறந்தான். சோறு ஆறியிருந்தது. ரசத்தின் மேல் நெய் உறைந்திருந்தது. நின்றபடியே பிசைந்து தின்றான்.

உள்ளே, கட்டிலின் மேல், மறுபடியும் வேட்டைக்குப் போகலாமா என்று திரை கேட்டபடி இருந்தது.

கரண்டியை எடுத்தான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.