எலி தின்ற கிண்ணங்கள்

"சூப்பைக் குடிச்சிட்டு கிண்ணத்தையும் கடிச்சுத் தின்னணுமா? மாடுகூட தொட்டியை விட்டு வைக்குமே, அம்மாடி!"

சொல்லிவிட்டு மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு வாரமாக இதே துண்டு, இதே சிரிப்பு.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாகத் தவிட்டில் கிண்ணம் செய்கிறாள். சூப்பு தீர்ந்ததும் கிண்ணத்தையும் சாப்பிட்டுவிடலாம். குப்பை என்ற பேச்சே இல்லை. அதற்கான அச்சு மெஷினைச் சோதனைக்கென்று மூன்று மாதம் கேட்டு வாங்கியிருந்தாள். நாளையோடு கெடு முடிகிறது. இன்று வரும் கேன்டீன் மேனேஜர் ஆர்டர் கொடுத்தால் மெஷின் நிற்கும். இல்லாவிட்டால் லாரி ஏறும்.

மாமனார் முப்பது வருடம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். வாய்தான் இன்னும் ரிட்டயராகவில்லை.

"உப்பு மூட்டையைக் கவுத்துட்டியா?" என்பார் ஒரு நாள். "இது கிண்ணமா, செங்கல்லா? வீடு கட்டலாம் போலிருக்கே!" என்றார் போன வாரம்.

தொட்டுக்கூடப் பார்க்காமல் குறை சொல்ல இவரால்தான் முடியும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் உப்பைக் குறைப்பாள், வேகவிடும் நேரத்தைக் குறைப்பாள். எல்லாம் ரோஷத்தில்தான்.

போதாக்குறைக்கு, அடுக்கி வைத்த கிண்ணங்களில் தினமும் ஒன்றிரண்டு காணாமல் போயின.

"மாமா, நேத்து எட்டு வச்சேன். ஆறுதான் இருக்கு. தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நான் ஏம்மா போடறேன்? எலி தின்னிருக்கும். அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்கே, பாவம்!"

மறுபடியும் துண்டு. மறுபடியும் சிரிப்பு.

வாசல் மணி அடித்தது. மேனேஜர் அம்மா வந்தவுடனே, கொதிக்கக் கொதிக்கச் சூப்பை ஊற்றச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை!

கடவுளுக்கு மருமகள் மனசுக்குள் நன்றி சொல்லி முடிக்கவில்லை, அடுத்த கேள்வி வந்தது.

"லேப் சர்டிபிகேட் எல்லாம் சரிதான். ஆனா ஐந்நூறு பேர் தினம் சாப்பிடற இடம் என்னுது. நீங்க இதைத் தினம் சாப்பிட்டுப் பார்த்தீங்களா? வயிறு என்ன சொல்லுது?"

மருமகள் விழித்தாள். ஓரத்தைக் கிள்ளி ருசி பார்த்ததோடு சரி. ஒரு முழுக் கிண்ணத்தை அவளே சாப்பிட்டதில்லை! பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"இல்லைங்க மேடம்..."

மேனேஜர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம்!" மாமனார் உள்ளே ஓடிப்போய், பஸ் ஓட்டிய காலத்து டிரிப் நோட்டுடன் ஓடி வந்தார்.

போச்சு, இவங்க முன்னாடியும் கேலியா என்று மருமகள் தலையில் கை வைத்தாள்.

மேனேஜர் நோட்டைப் புரட்டி உரக்கப் படித்தார்.

"திங்கள். கிண்ணம் ஒன்று. காலை 7.10 புறப்பாடு. வழியில் கோளாறு இல்லை."

"புதன். கிண்ணம் இரண்டு. உப்பு அதிகம். வயிற்றில் இரைச்சல். தண்ணீர் ஊற்றியதும் நின்றது."

"சனி. கிண்ணம் இரண்டு. உப்பு சரி. வண்டி ஜோர்!"

மேனேஜர் முதலில் இருமினார். பிறகு சிரித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாற்பது நாள் ஓடியிருக்கே வண்டி! திங்கட்கிழமையில இருந்து ஐந்நூறு அனுப்பிடுங்கம்மா."

அவர் போனதும் மருமகள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். மேனேஜர் படிக்காத ஒரு வரி, போன வாரத்தில் இருந்தது.

'வெள்ளி. கிண்ணம் ரொம்பக் கெட்டி. வண்டியின் முன்பக்கம் சேதம். மருமகளுக்குத் தெரிய வேண்டாம், பயந்து மெஷினை நிறுத்திவிடுவாள்.'

நிமிர்ந்தாள். சந்தோஷத்தில் துண்டை மறந்து மாமனார் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் ஒரு சீட் காலி.