பத்து லட்சத்து மூன்று

அச்சகத்தில் எண்பட்டியல்களைப் பிழைதிருத்தும் அவர், நினைவிழந்து கிடக்கும் மனைவியின் கட்டிலருகே தினமும் பத்து லட்சத்து மூன்றை ஏழால் வகுப்பார். மீதி நான்கு வரும். அது பகா எண். "ஏழால வகுபடுதுங்க" என்று முன்பொரு நாள் அவள் சொன்னபோது, உறவினர் முன்னிலையில் எள்ளி நகையாடினார். அன்றே அவள் மயங்கி விழுந்தாள்.

"இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்" என்று மருத்துவர் கைவிரித்த காலையில், மீதி பூச்சியம் வந்தது.

பதறிப்போய், அடுத்த அறையிலிருந்த மகளையும் வகுக்கச் சொன்னார்.

"நாலு வருதேப்பா! கண்ணாடியத் துடைங்க."

"இங்க வந்து, அம்மா பக்கத்துல உக்காந்து போடும்மா."

கட்டிலருகே மகளுக்கும் பூச்சியமே வந்தது.

நாற்பதாண்டுகளாக ஒரு பிழையும் விடாத அவர், திருத்தக் கொண்டுவந்திருந்த அச்சுப்படியில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்த 'பகா எண்' என்பதை அடித்துவிட்டு, 'ஏழால் வகுபடும். கண்டவர் என் மனைவி' என்று எழுதினார். அதை மனைவியின் காதருகே உரக்கப் படித்தார்.

"நீ சொன்னதுதான் சரி. எழுதிட்டேன், பாரு. கண்ணைத் திற."