கால் நீட்ட ஓர் இடம்

உள்ளே போக ஒரு புகார் போதும். வெளியே வர உடையவரே வந்து நிற்க வேண்டும். அது எந்த இடம், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஊர்ப்பட்டிதான். பிறர் வயலில் மேய்ந்ததாகப் பிடிபட்ட கால்நடைகளை அங்கேதான் அடைப்பார்கள். சுருளி என்ற வெள்ளாடு அங்கேயே குட்டி போட்டிருந்தது. உடையவரோ ஊரைவிட்டே போய்விட்டார். அந்த நெரிசலில் படுத்தால் மிதிபடும் என்பதால், குட்டி பிறந்ததிலிருந்து நின்றபடியேதான் தூங்கியது.

ஒருநாள் காவல் நாய் புதுச் சட்டத்தோடு வந்தது.

"தண்டனைக் காலத்தைவிட அதிகமா அடைஞ்சு கிடக்கிறவங்க போகலாம். உடையவர் வரவேண்டாம். சுருளியக்கா, உங்க மேல என்ன புகார்?"

"கத்தரி நாத்தைக் கடிச்சேனாம். இன்னும் விசாரிக்கவே இல்லை."

"குற்றம்னு ஆனாலும் மூணே நாள்தானே! எப்போ வந்தீங்க?"

"அந்த நாத்து வளர்ந்து, காய்ச்சு, சந்தைக்கே போயிடுச்சு தம்பி."

"பொரியலே ஆகியிருக்கும்!" என்றது பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்ற கழுதை.

நாய் தலைகுனிந்தபடி கதவைத் திறந்தது. கழுதையோடு பாதிப் பட்டி வெளியேறியது. சுருளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வாடா கண்ணு, வெளியே பச்சைப் புல்லு இருக்கு!"

குட்டி, காலியான இடத்தின் நடுவில் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்துக்கொண்டது.