வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர்

விளாதிவஸ்தோக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தைசியா, ஆறு வருடம் பணம் சேர்த்து, ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். அதன் வழிகாட்டித் திரையில் ஜப்பான் வரைபடம் மட்டுமே இருந்தது. இந்த ஊரில் அது வேலை செய்யாது. ஆனால் அவள் காரில் வேலை செய்தது. அவள் எவ்வளவு தூரம் ஓட்டினாளோ, அதே தூரத்துக்குத் திரையில் ஓர் அம்பு ஏதோ ஜப்பானியச் சாலையில் முன்னேறியது.

ஜப்பானுக்குக் கப்பலில் போய்வரும் அவள் தம்பி க்லெப், திரையைப் படித்துப் பார்த்தான்.

"'வீடு'ன்னு போட்டிருக்கு. இதுக்கு முன்னாடி வண்டிய வச்சிருந்தவங்க வீடா இருக்கும். இன்னும் நாப்பது கிலோமீட்டராம். பேசாம வித்துடுக்கா."

"வெறும் ரொட்டியத் தின்னு வாங்கின வண்டிடா. பயமா இருந்தா நீ பஸ்ல போ."

அவன் திரைக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். அதன் பிறகும் அம்பு நகர்ந்தது. அவன் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போனான்.

தைசியா தினமும் வழக்கம்போல ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடலோரச் சாலையில், திரையிலிருந்த எண் பூஜ்யமானது. அவள் ஓரமாக நிறுத்தினாள்.

இடப்பக்கக் கதவு திறந்து, மூடியது. பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது.

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க," என்றாள். "ஆனா இது என் வண்டி. நான்தான் ஓட்டுவேன்."

பக்கத்து இருக்கையின் பெல்ட் நிதானமாக நீண்டு வந்து, பூட்டில் மாட்டிக்கொண்டது.