படியிறங்கும் காட்சி

ஏழாவது வீடியோத் துண்டு ஓடி முடிந்ததும் இன்பராஜைப் பார்த்தாள் அந்த மாணவி.

கேமரா பிடித்தவன் அவன். தரையைப் பார்த்தான்.

பேராசிரியர் தெய்வசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். துடைத்தால் காட்சி மாறிவிடும் என்பதுபோல.

மாறவில்லை. ஏழிலும் திரையில் இருந்த பெண் பையோடு படியேறித்தான் வந்தாள்.

மாணவி எழுதியிருந்தது இறங்கும் காட்சி. அவளுடைய படமே அதில்தான் தொடங்குகிறது. ஒரு மனைவி வீட்டைவிட்டுப் போகிறாள். மூன்றாம் மாடி, கையில் ஒரு பை, முதுகு மட்டும்.

நடந்தது இதுதான். அன்று நல்ல வெயில். கேமராத் திரையில், பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி தெரியவில்லை. ஃபோகஸ் பார்க்க ஓடவிட்டதை இன்பராஜ் நிறுத்த மறந்திருந்தான். அவள் 'ஆக்‌ஷன்' என்றதும் பொத்தானை அமுக்கினான். நின்றது. 'கட்' என்றதும் அமுக்கினான். ஓடியது.

எட்டு தடவையும் அப்படியே. மூன்று வருடம் கேமரா படித்தவன்.

ஆக, இறங்கியது ஒன்றுகூட இல்லை. அடுத்த டேக்குக்காக மேலே திரும்பி வந்தது மட்டும் இருக்கிறது.

இன்று சார் தலையாட்டினால்தான் சனிக்கிழமைக்குக் கேமரா. இல்லையென்றால் இந்த வருடம் படம் கிடையாது.

நிஜ நடிகை சனிக்கிழமைதான் வருவாள். டெஸ்டுக்கு வெளிச்சம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதனால் எதிர்வீட்டு வசுமதியை இறங்கச் சொன்னாள்.

அதனால் மட்டும்தானா என்று அவர்கள் குடியிருக்கும் சி பிளாக்கில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, வசுமதி இதே படியில்தான் இறங்கிப் போனாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்தாள். ஏன் போனாள், ஏன் வந்தாள் என்பதற்கு ஒன்பது வீட்டில் ஒன்பது கதை. அதில் தன் வீட்டில் சொன்ன கதையை மாணவி திரைக்கதையாக எழுதிவிட்டாள். பெயரை மட்டும் மாற்றி.

வசுமதிக்கு அது தெரியாது என்று நம்பவும் செய்தாள். "சும்மா லைட் பார்க்கத்தான்க்கா" என்றாள்.

வசுமதியும் சும்மா இறங்கிக் காட்டினாள். எட்டு தடவை.

முதல் துண்டில் முந்தானையைச் சரிசெய்துகொண்டே ஏறினாள். நான்காவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஏழாவதில் ஒன்றுமில்லை. கீரை வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி வந்தாள்.

அதில்தான் சார் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"கடைசியையும் போடு."

எட்டாவது. வெளிச்சத்தைத் திருப்ப வைத்த தெர்மாகோல் அட்டையை எடுக்க மாணவி கீழே போயிருந்த நேரம். வசுமதி ஏறி வந்தாள். பையைக் கேமராவுக்கு முன்னால் வைத்தாள். கன்னம் மட்டும் தெரிந்தது.

"தம்பி, அவகிட்ட சொல்லிரு. போறப்ப ரெண்டு பை. வர்றப்பதான் ஒண்ணு."

திரை இருண்டது.

"ஏன்டா சொல்லல?" என்றாள்.

"நீ குடுத்த டயலாக்னு நெனச்சேன்" என்றான் இன்பராஜ்.

படத்தில் வசனமே கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது வீட்டுக் கதவும் விரலளவு திறந்திருந்தது. அவள் வீட்டுக் கதவும்தான். ஒருவரும் பையை எண்ணவில்லை.

"யாரும்மா இவங்க?" என்றார் சார்.

"எதிர்வீட்டுக்காரங்க சார்."

"நடிகை வேணாம். இறங்குறதும் வேணாம். ஏறி வர்றத வெச்சு ஆரம்பி. இவங்க சம்மதிச்சா கேமராவ எடுத்துக்கோ."

சாயங்காலம் அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு பை.

வசுமதி திறந்தாள். கையில் மாவு. பைகளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்த மன்னிப்பு வாயில் வரவில்லை. "ஏறி வர்றத மட்டும் எடுக்கச் சொல்றாங்கக்கா" என்றாள்.

வசுமதி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவசரமில்லாமல்.

பிறகு ஒரு பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கீழ்த்தளம்வரை நான்கைந்து கதவுகள் விரலளவு திறந்திருந்தன.

இந்தத் தடவை எண்ணியிருப்பார்கள்.